பழைய பிரிட்டிஷ் வாரக் காமிக்ஸுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி ரோபோ. இந்த மூவரும் சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தவர்கள் என்பது காமிக்ஸ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல். நம் கைக்கு அவை முழுநீளப் புத்தகங்களாக வந்தன. ஒரே மூச்சில் படித்து முடித்தோம். பிறந்த ஊரில் அவை அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம், கடைசிக் கட்டத்தில் நாயகன் உயிருக்கு ஆபத்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு வரி. அந்த மூன்று பக்கத்தைச் சுற்றி ஒரு கால்பந்துத் தொடர், ஒரு போர்க்கதை, அரைப்பக்கச் சிரிப்புப் படம், வாசகர் கடிதம், தபால்தலை விளம்பரம்.

தொகுப்புப் புத்தகத்தில் கதை மட்டும்தான் கிடைக்கும். சுற்றியிருந்ததெல்லாம் வார இதழில்தான் இருக்கிறது, விசித்திரங்கள் எல்லாமே அந்தப் பகுதியில்தான். நம் வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர்கள், பின்பக்கத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்த சோப்பு விளம்பரத்தை இன்று கதையை விட ஆசையாகப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். ஆகவே இந்த வழிகாட்டி உங்களைத் தொகுப்பில் தொடங்கி வார இதழுக்குக் கொண்டு போவதற்காக எழுதியது.

முதலில் இரண்டு வீடுகள்

பிரிட்டிஷ் வாரக் காமிக்ஸில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் உண்டு. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலானவை இரண்டே வீடுகளிலிருந்து, அதாவது இரண்டு பதிப்பகங்களிலிருந்து, வந்தவை.

ஒன்று, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உள்ள டி.சி. தாம்சன். 1937இல் டாண்டி, 1938இல் பீனோ. டாண்டி 2012 டிசம்பரில் அச்சை நிறுத்திக்கொண்டது. பீனோ இன்றும் வாரம் தவறாமல் வருகிறது. சிறுவர்களுக்கு விக்டர், சிறுமிகளுக்குப் பண்ட்டி, கையடக்கப் போர்க்கதைகளுக்குக் கமாண்டோ எல்லாம் இதே வீடுதான்.

இன்னொன்று லண்டன் வீடு. 1890இல் காமிக் கட்ஸ் என்ற அரை பென்னி இதழைத் தொடங்கிய ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த்தின் நிறுவனம் பிறகு அமால்கமேட்டட் பிரஸ் ஆகி, 1959இல் ஃப்ளீட்வே ஆகி, 1960களில் ஐபிசி என்ற பெரிய நிறுவனத்துக்குள் போனது. லயன், வேலியண்ட், டைகர், பஸ்டர், டாமி, 2000 ஏடி என்று பட்டியல் நீளும். மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

இந்த இரண்டுக்கும் வெளியே தொடங்கிய பெரிய இதழ் என்றால் ஈகிள். மார்கஸ் மோரிஸ் என்ற பாதிரியார் 1950 ஏப்ரலில் ஹல்டன் பிரஸ் மூலம் கொண்டுவந்தது. நல்ல தாள், பளபளக்கும் வண்ணம், முதல் பக்கத்தில் ஃபிராங்க் ஹாம்ப்சன் வரைந்த விண்வெளி வீரன் டான் டேர், நடுப்பக்கத்தில் ரயில் எஞ்சினையோ கப்பலையோ வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஓவியம். பிறகு அதுவும் கைமாறிக் கைமாறி லண்டன் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

தொகுப்பில் தொடங்குங்கள்

ஐபிசி வீட்டின் பழைய கதைகளின் உரிமை இப்போது பெரும்பாலும் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 1970க்குப் பிந்தைய பொக்கிஷத்தை 2016இலும், அதற்கு முந்தையதை 2018இலும் வாங்கினார்கள். ட்ரெஷரி ஆஃப் பிரிட்டிஷ் காமிக்ஸ் என்ற பெயரில் தொகுப்புகள் வருகின்றன. மின்னூலாகவும் கிடைப்பதால் தபால் செலவு இல்லாமலே தொடங்கிவிடலாம்.

தமிழ் வாசகருக்கு என் சிபாரிசு: தெரிந்த முகத்தை முதலில் பாருங்கள். தி ஸ்டீல் க்ளா, அதாவது நம் மாயாவி. 1962 அக்டோபரில் வேலியண்ட் முதல் இதழிலேயே தொடங்கிய தொடர். முதலில் எழுதியவர் கென் புல்மர், பின்பு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. தொடக்கத்தில் லூயிஸ் கிராண்டல் நல்லவன் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளன், விபத்தில் கை போனவன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும் என்று தெரிந்ததும் திருடக் கிளம்புகிறான். உளவாளியான மாயாவியை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த முதல் அத்தியாயங்கள் நிஜமாகவே புதிதாக இருக்கும்.

அடுத்து ஸ்பைடர். லயனில் 1965இல் தொடங்கியவன். டெட் கோவன் தொடங்கிவைக்க, சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் தொடர்ந்து எழுதினார். குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன் பாதியில் காவலர் பக்கம் திரும்புகிறான். ரெஜ் பன் வரைந்த அந்தக் கூர்மூக்கும் கூர்காதும் அடர்ந்த கறுப்புக் கோடுகளும் வண்ணம் இல்லாததால்தான் அப்படி அச்சுறுத்துகின்றன என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக, தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத ஒன்றைப் படியுங்கள். சார்லிஸ் வார். பேட்டில் இதழில் 1979இல் தொடங்கியது, பேட் மில்ஸ் எழுத்து, ஜோ கோல்க்வூன் ஓவியம். முதல் உலகப்போரில் வயதைப் பொய் சொல்லிச் சேர்ந்த பதினாறு வயதுப் பையனின் கதை. சிறுவர் போர் இதழுக்குள்ளேயே போரை இவ்வளவு வெறுத்து எழுத முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சரி, இப்போது ஒரு பழைய இதழைக் கையில் எடுத்துவிட்டீர்கள். கதைக்குப் போகும் முன் அட்டையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது தேதி. அட்டைத் தேதி பெரும்பாலும் அந்த வாரத்தின் கடைசி நாள். கடைக்கு அதற்குச் சில நாள் முன்பே வந்திருக்கும். லண்டன் வீட்டு இதழ்கள் பலவற்றில் எண்ணே இருக்காது, தேதிதான் அடையாளம். இடையில் சில வாரங்கள் காணாமல் போனால் உடனே பதற வேண்டாம். அச்சகத் தகராறுகளால் இதழே வராத வாரங்கள் உண்டு. பீனோவும் டாண்டியும் காகிதத் தட்டுப்பாட்டால் 1941 முதல் 1949 வரை ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்றுதான் வந்தன.

இரண்டாவது விலை. பழைய பென்னிக்கு டி என்ற ஆங்கில எழுத்து, புதிய பென்னிக்குப் பி. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. அட்டை கிழிந்து தேதி போன இதழிலும் எங்காவது விலை தப்பியிருந்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: தலைப்பில் அண்ட் என்ற சொல் இருக்கிறதா? லயன் அண்ட் தண்டர், வேலியண்ட் அண்ட் லயன், டாமி அண்ட் மிஸ்டி. ஒரு இதழின் விற்பனை சரிந்தால் அதை நேரடியாக மூடமாட்டார்கள். உள்ளே மகிழ்ச்சியான செய்தி என்று அட்டையில் போட்டு, அடுத்த வாரம் முதல் இன்னொரு இதழோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு மூன்று நல்ல தொடர்கள் மட்டும் புது வீட்டுக்குப் போகும். கொஞ்ச நாளில் இரண்டாவது பெயரின் எழுத்து சிறிதாகி, ஒரு நாள் மறைந்தே போகும். கூட வந்த வாசகர்கள் தங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் துறையில் இதற்குப் பிறப்பு, திருமணம், அடக்கம் என்று மூன்று சொல்லில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தச் சங்கிலியைப் பிடித்துப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சந்தோஷம். ஒன்றைப் பாருங்கள். ஈகிள் 1969இல் லயனுக்குள் போனது. லயன் 1974இல் வேலியண்ட்டுக்குள். வேலியண்ட் 1976இல் பேட்டிலுக்குள். 1982இல் ஈகிள் என்ற பெயரில் புது இதழ் தொடங்கினார்கள். 1988இல் பேட்டில் அதற்குள் போனது. சுற்றிச் சுற்றிப் பழைய பெயருக்கே வந்து நின்ற இந்தப் பயணத்தில் எத்தனை தொடர்கள் பாதியில் உதிர்ந்தன, எவை நான்கு வீடு மாறியும் பிழைத்தன என்று தேடத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது.

இன்னொரு வினோதம். தண்டர், ஜெட், ஸ்டார்லார்ட், டொர்னேடோ. நான்கும் 1970க்கும் 1979க்கும் இடையில் பிறந்து, சரியாக 22 இதழ்களோடு இன்னொன்றுக்குள் கரைந்தவை. 22 இதழ்தான் என்பதால் புதிதாகச் சேகரிப்பவருக்கு இவை நல்ல இலக்கு. ஒரு இதழை முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை முழுமையாக வைத்திருக்கும் நிறைவு சீக்கிரமே கிடைத்துவிடும். ஸ்ட்ரோண்டியம் டாக், ரோ-பஸ்டர்ஸ் என்று இன்று 2000 ஏடியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தொடர்கள் ஸ்டார்லார்டில் பிறந்தவை.

எந்த விசித்திரங்களைத் தேடலாம்

கதைகளைத் தாண்டி இதழையே ஒரு விளையாட்டுப் பொருளாக நினைத்தவர்கள் அந்த ஆசிரியர்கள். பெயர்கூடப் போடாமல் வேலை செய்தார்கள். ஓவியர் பெயர் போடுவதே அபூர்வம். டட்லி வாட்கின்ஸ் போன்ற ஒரு சிலர்தான் கையெழுத்துப் போட அனுமதிக்கப்பட்டார்கள்.

1965இல் வந்த டிவி செஞ்சுரி 21 தன் அட்டையில் 2065 என்று தேதி போட்டது. நூறு வருஷம் தள்ளி வெளிவரும் செய்தித்தாள் என்ற பாவனை. அட்டையில் தலைப்புச் செய்தி, புகைப்படம் எல்லாம் உண்டு. 1971இல் வந்த கவுண்ட்டவுன் இதழின் பக்க எண்கள் பின்னோக்கி ஓடும். ராக்கெட் புறப்படும் முன் எண்ணுவது போல, கடைசிப் பக்கம்தான் ஒன்று.

விஸ்ஸர் அண்ட் சிப்ஸ் எனக்கு மிகவும் பிடித்த கோமாளித்தனம். பெயரில் அண்ட் இருந்தாலும் இணைந்த இதழ் இல்லை. 1969இல் பிறக்கும்போதே இரட்டை: விஸ்ஸரின் நடுவில் சிப்ஸ் தனி அட்டையோடு செருகப்பட்டிருக்கும், உருவி எடுத்துக்கொள்ளலாம். வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சியின் பாத்திரம் மறு கட்சியின் கதைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து ஏதாவது மூலையில் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பது வாசகர் வேலை. தொகுப்பில் தனிக் கதையாகப் படித்தால் இந்த ஊடுருவலுக்கு அர்த்தமே இருக்காது.

கிரேஸி என்ற இதழ் பின்னட்டையை வேறு ஏதோ ஒரு பொருளின் அட்டை போலவே அச்சிட்டது. ஆசிரியரோ அப்பாவோ வந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். 2000 ஏடியின் ஆசிரியர் தார்க் என்ற வேற்றுக்கிரகவாசி என்று இன்றுவரை சொல்லிவருகிறார்கள். கென் ரீட் வரைந்த ஃபேஸேக் என்ற பையன் தன் முகத்தை ரப்பராக இழுத்து எந்த உருவமும் எடுப்பான். ஓவியர் ஒவ்வொரு முகத்துக்கும் எடுத்துக்கொண்ட பாடு கோடுகளில் தெரியும்.

ஆக்‌ஷன் இதழ் ஒரு தனிக்கதை. 1976 பிப்ரவரியில் தொடங்கியது. மனிதர்களைத் தின்னும் சுறா ஒரு தொடரின் நாயகன். பெரியவர்களே இல்லாத உலகில் பையன்கள் கும்பலாக மோதிக்கொள்ளும் இன்னொரு தொடர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் கொதித்தன. அக்டோபர் 23 தேதியிட்ட இதழ் அச்சான பின்பும் கூழாக்கப்பட்டது, சில பிரதிகள்தான் தப்பின. டிசம்பரில் பல் பிடுங்கப்பட்ட வடிவில் திரும்பிவந்து, அடுத்த ஆண்டு பேட்டிலோடு சேர்ந்தது. அக்டோபருக்கு முந்தைய ஒரு இதழையும் டிசம்பருக்குப் பிந்தைய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தணிக்கை என்றால் என்ன என்று நான் அறிந்ததில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

சிறுமிகள் இதழ்களைத் தாண்டிப் போகாதீர்கள்

சேகரிப்பவர்களில் ஆண்கள் அதிகம் என்பதால் நீண்ட காலம் இந்தப் பக்கம் பார்வையே படவில்லை. உண்மையில் கதை சொல்லும் துணிச்சல் இங்கேதான் அதிகம் என்பது என் கட்சி. 1958 முதல் 2001 வரை வந்த பண்ட்டியில் நான்கு தோழிகளின் விடுதிப் பள்ளிக் கதை கிட்டத்தட்ட கடைசிவரை ஓடியது. பின்னட்டையில் வெட்டி உடுத்தும் காகிதப் பொம்மை. அதனால்தான் பின்னட்டை முழுதாக உள்ள பண்ட்டி கிடைப்பது கஷ்டம்.

1974இல் தொடங்கிய ஜிண்டியில் ஃபிரான் ஆஃப் தி ஃப்ளட்ஸ் என்று ஒரு தொடர்: ஓயாத மழையில் பிரிட்டன் மூழ்க, ஒரு சிறுமி தன் அக்காவைத் தேடி நாட்டைக் கடந்து போகிறாள். 1978 முதல் 1980 வரையே வாழ்ந்த மிஸ்டி முழுக்க அமானுஷ்யம். மூடுபனியிலிருந்து பேசும் மிஸ்டி என்ற பெண் உருவம்தான் வாசகிகளை வரவேற்பாள். இவை இரண்டையும் விழுங்கிய டாமி 1984 ஜூனில் வேலைநிறுத்தத்தின்போது நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் முடியவே இல்லை. வாரா வாரம் காத்திருந்த சிறுமிகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நடந்த அந்த நிறுத்தத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வாங்கும்போது

முதல் இதழ், ஐம்பதுகளின் இதழ் என்று ஆசைப்பட வேண்டாம். இலவசப் பொருளான விசிலோடு தப்பிய டாண்டி முதல் இதழ் 2004இல் 20,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அது வேறு உலகம். போர்க்காலத்தில் பழைய காகிதம் சேகரித்துக் கொடுங்கள் என்று இதழ்களே பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டதால் அந்தக் காலத்துப் பிரதிகள் அரிது. எழுபதுகளின் நடுப்பகுதி இதழ்கள் இன்னும் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பதென்றால் இதழ் விலையை விடத் தபால் செலவு கூடிவிடும். ஒன்றிரண்டாக வாங்காமல் ஒரே தலைப்பில் தொடர்ச்சியான ஆறு மாத இதழ்களை ஒரே கட்டாக வாங்குங்கள். சிதறிய நாற்பது தலைப்புகளை விட, தொடர்ச்சியான 26 வாரம் பல மடங்கு சுகம்.

விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எல்லாப் பக்கமும் இருக்கிறதா, நடு இணைப்பு இருக்கிறதா, கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா? உங்கள் பிரதியை எடுத்துவையுங்கள் என்று கடைக்காரரிடம் கொடுக்கும் ஆர்டர் சீட்டு பல இதழ்களில் உள்ளே அச்சாகியிருக்கும். அதை வெட்டினால் பின்பக்கக் கதையில் ஓட்டை விழும். அட்டை மூலையில் பென்சிலில் ஒரு பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால் குறையாக எண்ண வேண்டாம். வீட்டுக்கு இதழ் போடும் பையனுக்காகக் கடைக்காரர் எழுதியது.

கிறிஸ்துமஸ் பரிசாக வந்த கெட்டி அட்டை ஆண்டு மலர்கள் மலிவாகவே கிடைக்கும். அட்டையில் அடுத்த வருஷத்தின் எண் இருக்கும்: 1975 மலர் 1974 இலையுதிர் காலத்தில் வந்தது. வார இதழ் செத்த பிறகும் பல வருஷம் மலர் மட்டும் வந்த தலைப்புகள் உண்டு, மிஸ்டி அதில் ஒன்று.

படிக்கும்போது

ஒரு இதழைப் பிடித்த தொடரிலிருந்து தொடங்காதீர்கள். அட்டையிலிருந்து பின்னட்டை வரை வரிசையாகப் படியுங்கள், கடிதங்களும் விளம்பரங்களும் உட்பட. ஒரு நாளைக்கு ஒரு இதழ் போதும். ஒரு நோட்டில் தேதி, தொடரின் பெயர், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் குறித்து வாருங்கள். நான்கைந்து வாரத்திலேயே எந்தத் தொடரை ஆசிரியர் முன்பக்கத்துக்குத் தள்ளுகிறார், எதை முடித்துக்கட்டப் பார்க்கிறார் என்று தெரியத் தொடங்கும்.

நம்மவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். பேரரசின் பெருமிதம் இந்த இதழ்களில் ஊறிக் கிடக்கிறது. தி வுல்ஃப் ஆஃப் காபூல் என்ற டி.சி. தாம்சன் கதையில் வெள்ளைக்கார உளவாளி வடமேற்கு எல்லையில் திரிவான். அவனுடைய உள்ளூர்ச் சேவகன் சங் பித்தளைக் கம்பி சுற்றிய கிரிக்கெட் மட்டையால் சொந்த நாட்டார் மண்டையை உடைப்பான். ஜெர்மானியரும் ஜப்பானியரும் ஆப்பிரிக்கரும் வரும் விதமும் வேதனையானதுதான். பக்கத்தைத் தாண்டாமல் படியுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் சார்லியின் கதைக்கு வரும்போது அந்தத் தொனி எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

பாதுகாப்பது

இவை மட்டமான செய்தித்தாள் காகிதம். தாளுக்குள்ளேயே அமிலம் இருப்பதால் பழுப்பாவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். வெயில் படாத அலமாரி, ஒவ்வொன்றுக்கும் பாலிப்ராப்பிலீன் உறை, முதுகுக்கு அமிலமில்லாத அட்டை. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஈரத்தில் பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். துரு தெரிந்தால் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு இதழை உறைக்குள் அப்படியே வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து இதழ்களைப் புரட்டுவதே நல்ல மருந்து. கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது.